வீட்டுக் கராஜ்களில் வளர்ந்த விசுவகர்மம்: கொழும்பு மோட்டார்த் தொழிலின் எழுதப்படாத சரித்திரம்

ஒரு தேசத்தின் கைத்தொழிற் சரித்திரத்தை எழுதப் புகுகின்றவர்கள் ஆலைகளின் புகைபோக்கிகளையும் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளையும் பங்குதாரர் பட்டியல்களையும் கண்டவுடன் திருப்தியடைந்து விடுவதும், வீட்டின் பின்புறத்தில் தகரக் கொட்டகையின் கீழ் விடுமுறை நாள்களில் நடந்தேறிய வேலைகளை ஒரு பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. கொழும்பு மாநகரத்தைப் பொறுத்தவரையில் இவ்வழக்கம் ஒரு பெரிய அநீதியாகவே முடிந்திருக்கிறது. பெரிய அளவில் மோட்டார் கார் உற்பத்தி செய்யும் ஆலை எதுவும் நெடுங்காலம் இல்லாதிருந்த இந்தத் தீவிலே, கார் என்னும் யந்திரத்தை அடியிலிருந்து முடிவரை அறிந்து, பிரித்து, திருத்தி, வேண்டியபோது புதிதாகவே ஆக்கிக்கொள்ளும் வல்லமை படைத்த ஒரு தொழிலாளர் பரம்பரை கொட்டாஞ்சேனை, பஞ்சிகாவத்தை, மருதானை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளிலே தழைத்திருந்தது. இலங்கைக்கு மோட்டார்க் கைத்தொழில் என ஒன்று இருந்ததுண்டாயின் அதன் பெரும்பகுதி இவர்களுடைய கைகளிலேதான் இருந்தது என்பதே நான் இங்கு நிலைநாட்ட விரும்பும் பொருள்.

வீட்டிலே கார் கட்டும் கலைக்கு உலகமெங்கும் உதாரணமாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் ‘ஹொட் ரொட்’ என்னும் மரபு. ஹென்றி போர்ட் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு அதிகமான ‘மொடல் டி’ கார்களை உற்பத்தி செய்து தள்ளியதனால், அந்நாட்டின் இளைஞர்களுக்குப் பழைய கார் ஒன்று சொற்ப விலைக்குக் கிடைப்பது எளிதாயிற்று. அதன் மட்காட்டுகளையும் கூரையையும் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைத்து, எஞ்சினைத் தங்கள் சாமர்த்தியத்தால் வலுப்படுத்தி, கலிபோர்னியாவின் மியூரொக் முதலான வறண்ட ஏரிப் படுகைகளிலே அவர்கள் வேகத்தைச் சோதித்தார்கள். 1932இல் போர்ட் ஸ்தாபனம் எட்டு சிலிண்டர்களுடன் 65 குதிரைவலுக் கொண்ட ‘வீ-8’ எஞ்சினைச் சாதாரண மக்களின் காரிலே பொருத்தி விற்கத் தொடங்கியதும், இவ்விளைஞர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதமாகவே அமைந்தது. 1937இல் தென் கலிபோர்னியாவின் கழகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கத்தை அமைத்தன. 1948 ஜனவரியில் ரொபர்ட் பீட்டர்சன் என்பவர் இக்கலைக்கென்றே ஒரு சஞ்சிகையை ஆரம்பித்தார். 1951இல் வொலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவிலான சங்கத்தை நிறுவி, தெருக்களில் அபாயகரமாக ஓடிய இளைஞர்களை ஒழுங்கான பந்தயத் தடங்களுக்கு அழைத்துச் சென்றார்.

இங்கிலாந்திலே இதே ஆசை வேறொரு வடிவம் எடுத்தது. சிலிண்டரின் விட்டத்தைக் கணக்கிட்டுக் குதிரைவலுவுக்கு வரி விதித்த அந்நாட்டுச் சட்டம் பெரிய எஞ்சின்களைச் சாமானியரின் கைக்கு எட்டாதபடி செய்துவிட்டதனால், 1922இல் பிறந்த ‘ஒஸ்டின் செவன்’ என்னும் சின்னஞ்சிறு காரே வீட்டுக் கராஜ்களின் மூலப்பொருளாயிற்று. அதன் அடிச்சட்டத்தின் மேல் தங்களுக்கு வேண்டிய வடிவத்தில் அலுமினியத் தகட்டை வளைத்துப் பொருத்தி, ‘ஸ்பெஷல்’ என்று பெயரிட்டு ஓட்டினார்கள். கொலின் சப்மன் என்னும் பொறியியல் மாணவர் தம் காதலியின் பெற்றோருடைய வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜிலே பழைய ஒஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து 1948இல் கட்டி முடித்த ஸ்பெஷலே, பின்னாளில் உலகப் பந்தயங்களை வென்ற ‘லோட்டஸ்’ கார்களின் முதற்பிறவி என்பதை நினைக்கும்போது, வீட்டுக் கொட்டகையில் நடக்கும் வேலையை விளையாட்டென்று தள்ளிவிடுவதற்கு யாருக்கும் மனம் வராது.

கொழும்பு, ஆங்கில ஆட்சியின் துறைமுகமாகையால், அமெரிக்க மரபைக் காட்டிலும் இந்த ஆங்கில மரபுக்கே நெருங்கிய உறவுடையதாயிருந்தது. இந்நாட்டின் முதல் மோட்டார் கார் 1902இல் வந்திறங்கியதென்பது வழிவழியாகச் சொல்லப்படுவது; இரண்டே ஆண்டுகளில், அதாவது 1904இல், மோட்டார் வாகனச் சங்கம் ஒன்றும் இங்கே உருவாகிவிட்டது. தோட்டத்துரைமாரும் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் வாங்கிய அந்தக் கார்களைச் செலுத்தவும் பராமரிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டபோது, அதற்கு வேண்டிய கைகள் இந்நகரத்தில் முன்னதாகவே பழகியிருந்தன. தேயிலை யந்திரங்களைச் செய்த வோக்கர்ஸ், கொழும்புக் கொமர்ஷல் கொம்பனி முதலான ஸ்தாபனங்களிலும், ரயில்வே வேலைத்தலங்களிலும், துறைமுகத்திலும், 1899 முதல் 1960 வரை ஓடிய டிராம் வண்டிகளின் பட்டறைகளிலும், வெள்ளவத்தையின் பஞ்சாலையிலும் இரும்பைக் கடைந்தும் காய்ச்சியும் ஜீவனம் செய்த தொழிலாளர்கள் பல இனத்தவர்களாக இருந்தார்கள். 1893இல் மருதானையில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி அவர்களுள் சிலருக்கு வரைபடம் வாசிக்கும் பயிற்சியைக் கொடுத்தது. மற்றையோருக்குக் கண்ணும் கையுமே ஆசான்கள்.

கார்களைக் காட்டிலும் பஸ்களும் லொறிகளுமே இத்தொழிலை ஆழமாக வேரூன்றச் செய்தன என்று சொல்லலாம். கப்பலில் வந்தவை எஞ்சினும் சில்லுகளும் கூடிய அடிச்சட்டங்கள் மாத்திரமே. அவற்றின் மேலே மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்து, ஆசனம் தைத்து, ஓட்டுநர் அறை அமைத்துப் பூரணமான வாகனமாக்கியவர்கள் இந்நாட்டுத் தச்சர்களும் தகட்டு வேலைக்காரர்களும் ஆவர். தனியார் பஸ் கம்பெனிகள் 1958 ஜனவரி முதலாந் திகதி தேசியமயமாக்கப்படும் வரையில் இவ்வேலை ஊருக்கு ஊர் நடைபெற்று வந்தது. ஒரு வாகனத்தின் உடலைக் கண்ணளவில் கீறி, மரத்திலே சட்டமிட்டு, இரும்பிலே முடிக்கும் பழக்கம் உடையவர்களுக்கு, ஒரு காரின் உடலை மாற்றியமைப்பது எட்டாத காரியமாய்த் தோன்றவில்லை.

வேகத்தின் மேல் பிறந்த ஆசையும் இங்கே குறைவாயிருக்கவில்லை. நுவரெலியாவிலே மகாகஸ்தொட்ட தோட்டத்தின் வளைவுப் பாதையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் ஆசியாவின் பழைய மோட்டார்ப் பந்தயங்களுள் ஒன்று. சித்திரை மாதத்து வசந்த காலத்தில், கொழும்பிலிருந்து மலையேறிச் செல்லும் பந்தயக்காரர்கள் தங்கள் கார்களின் தேவையற்ற பாகங்களை முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுவார்கள். இரண்டாம் மகாயுத்தம் முடிந்ததும், களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் ஆங்கிலக் கடற்படை அமைத்திருந்த விமான ஓடுபாதை வெறுமையாய்க் கிடந்து, பிற்பாடு பந்தயத் தடமாயிற்று. மலைப்பாதையிலும் கட்டுக்குருந்தையிலும் ஓடிய வாகனங்களுள் சில தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடினவாயினும், வேறு சில கொழும்பின் கராஜ்களிலே உருமாறி, வீட்டில் பிறந்த ஸ்பெஷல்களாகவே ஓடின.

இவ்விடத்தில் மொரிஸ் மைனரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்வது அவசியம்; இந்நகரத்து வீட்டுக் கராஜின் சரித்திரம் பெரும்பாலும் அந்தக் காரின் சரித்திரமே ஆகும். அலெக் இஸிகோனிஸ் என்னும் மேதை வடிவமைத்து 1948இல் வெளிவந்த அக்கார், இங்கிலாந்திலே பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது காராகிப் பெயர் பெற்றது. 1952 முதல் அதிலே பொருத்தப்பட்ட ‘ஏ சீரிஸ்’ எஞ்சின் 803 சீ.சீ. கொள்ளளவும் 30 குதிரைவலுவும் உடையதாயிருந்து, 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் மினி கூப்பரிலும் ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டிலும் 1275 சீ.சீ. வரையில் விரிந்தது. இதன் பயன் யாதெனில், ஒரே குடும்பத்தின் பல எஞ்சின்களும் வெளியளவில் பெரும்பாலும் ஒத்திருந்தமையால், சிறிய எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரியதைப் பொருத்துவதற்கும், ஒரு காரின் கார்புரேட்டரை மற்றொன்றுக்கு உபயோகிப்பதற்கும் கைத்தொழிலறிந்தவனுக்குப் பெரிய தடை ஒன்றுமிருக்கவில்லை. கலிபோர்னியா இளைஞனுக்கு வீ-8 எவ்வளவு உதவியதோ, கொழும்பு இளைஞனுக்கு இந்த ஏ சீரிஸ் அவ்வளவு உதவிற்று.

இந்நிலையில்தான் இத்தொழிலின் விதியையே மாற்றிய ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. தேயிலையும் இறப்பரும் ஈட்டித் தந்த அந்நியச் செலாவணி 1950களின் இறுதியில் கரையத் தொடங்கவே, 1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் மோட்டார் கார் இறக்குமதியை ஏறத்தாழ முற்றாகவே நிறுத்திவிட்டது. 1970இல் வந்த ஆட்சியில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. இடையிலே இரத்தினக்கல் ஏற்றுமதியாளர் போன்ற சிலருக்குத் தாம் ஈட்டிய செலாவணியின் ஒரு பங்கைக் கொண்டு கார் தருவிக்கும் சலுகை கிடைத்ததும், உபாலி விஜேவர்தன என்னும் தொழிலதிபர் இங்கேயே பியட், மஸ்டா கார்களைப் பொருத்தி விற்கத் தொடங்கியதும் தவிர, 1977 வரையில் சாமானிய நடுத்தரக் குடும்பத்துக்குப் புதிய கார் என்பது கனவிலும் வராத பொருளாயிருந்தது. கையிலிருந்த காரை விட்டால் வேறு கார் இல்லை. ஆகவே அது சாகக்கூடாது. சாக விடவும் மாட்டோம் என்னும் வைராக்கியம் நகரமெங்கும் பிறந்தது. புதிய கதவு வராது. ஆகையால் கதவைச் செய்யவேண்டும். புதிய பிஸ்டன் வராது. ஆகையால் சிலிண்டரை மறுபடி கடைந்து, வேறொரு வாகனத்தின் பிஸ்டனை அதற்கேற்றவாறு இணைக்கவேண்டும். உரிய அளவில் டயர் கிடைக்காது. ஆகையால் தேய்ந்ததற்கே மறுபடியும் இறப்பர் ஒட்டவேண்டும். 1932இல் தோன்றிய றிச்சட் பீரிஸ் கம்பெனி முதலான ஸ்தாபனங்களின் டயர் மீள்வார்ப்பு வேலை நாட்டையே ஓட வைத்ததென்றால் அது மிகையாகாது.

கலிபோர்னியாவில் வளம் மிகுந்ததனால் பிறந்த கலை, கொழும்பிலே வறுமையினால் பிறந்தது. ஆயினும் இரண்டிலும் பயின்ற அறிவு ஒன்றே. ஆலையிலிருந்து வந்த யந்திரத்தை இறுதியான வார்த்தையென்று ஏற்காமல், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே இருக்கிறதென்று கேட்டு, அதை மாற்றினால் என்ன நேருமென்று முன்கூட்டியே சிந்தித்து, பின்பு துணிந்து கைவைப்பதே அந்த அறிவு. அமெரிக்கன் சிலிண்டர் ஹெட்டைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்தினான், வேகம் கூடுவதற்காக. கொழும்புக்காரன் அதே ஹெட்டைச் சீவினான், வெப்பத்தில் வளைந்துபோன அதன் முகத்தைச் சமப்படுத்தி இன்னும் பத்து வருஷம் ஓட வைப்பதற்காக. சீவிய முகத்தினால் அமுக்கம் எவ்வளவு ஏறும், அதற்கு இக்னிஷன் நேரத்தை எவ்வளவு பின்வாங்கவேண்டும் என்ற கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் இத்தொழிலுக்கு இயல்பான தாயகமாய் அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒரு பக்கம் துறைமுகம். மறுபக்கம் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவும் ஆமர் வீதியும். சற்றே நடந்தால் நாட்டின் பெரிய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தை. இன்றும் பஞ்சிகாவத்தையிலே ஒரு கடையின் முன்னால் எண்ணெய் வடியும் கியர்பெட்டிகள் வரிசையாய்க் குந்தியிருக்க, அடுத்த கடையின் கூரையிலிருந்து முகப்புக் கண்ணாடிகளும் புகைபோக்கிக் குழாய்களும் தொங்க, வேண்டிய போல்ட்டின் புரியை விரலால் தடவியே அளவு சொல்லும் வியாபாரிகளைக் காணலாம். முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும் அங்கே கலந்து தொழில் செய்தார்கள். யாவருக்கும் பொதுவான மரியாதைச் சொல்லாக ‘பாஸ்’ என்பது வழங்கியது: லேத் பாஸ், டிங்கர் பாஸ், பெயின்ட் பாஸ் என்று. அந்தப் பட்டம் எந்தக் கல்லூரியாலும் வழங்கப்படுவதன்று. சுற்றியிருக்கும் தொழிலாளர்கள் ஒருவருடைய கையைக் கண்டு மனமுவந்து கொடுப்பது.

டிங்கர் பாஸ் ஒருவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, உலோகமும் ஒரு வகையில் உயிருள்ள பொருளே என்ற எண்ணம் தோன்றாமற் போகாது. மொரிஸ் மைனருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. அதன் உடலே அதன் எலும்பு. ஆகையால் கதவுக்குக் கீழேயுள்ள அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தால், காரின் நடுமுதுகே வளைந்து, கதவு மூட மறுத்துவிடும். பாஸ் முதலில் கூரையையும் கதவுகளையும் மரத்துண்டுகளால் முட்டுக்கொடுத்து நிலைநிறுத்திவிட்டே துருவை வெட்டுவார். புதிய தகட்டை ஒரு ரயில் தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, மரச்சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி வளைப்பார்; குழிவான பகுதி வேண்டுமானால் மணல் நிரப்பிய தோற்பையின் மேல் வைத்துத் தட்டுவார். ஓரிடத்தில் அதிகமாய்த் தட்டினால் தகடு நீண்டு கொப்பளித்துவிடுமாகையால், நீண்ட இடத்தைக் காஸ் சுவாலையால் சிவக்கக் காய்ச்சி ஈரத்துணியால் அமர்த்திச் சுருக்குவார். வேலை முடிந்ததென்று மற்றவர்கள் நினைக்கும்போது அவர் ஒரு மெல்லிய துணியை உள்ளங்கைக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் நீளம் முழுவதும் கையை ஓட்டுவார். கண்ணுக்குப் புலப்படாத மேடு ஒன்று கைக்குப் புலப்பட்டுவிடும். இறுதியாகத் தகட்டை ஈரமாக்கி, சாய்வான வெளிச்சத்தில் பிரதிபலிப்பு நெளிகிறதா என்று பார்ப்பார்.

மெக்கானிக்குகளின் சாமர்த்தியமும் இதற்குச் சளைத்ததன்று. தண்ணீர்ப் பம்புக்கு வேண்டிய கேஸ்கட் கடையில் இல்லையென்றால், தடித்த காகித அட்டையை உலோக முகத்தின் மேலே விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களைச் சுற்றி மெல்லத் தட்டுவார்கள். உலோகத்தின் விளிம்பே அட்டையைக் கத்தியாய் வெட்டி, வேண்டிய வடிவத்தை அச்சொட்டாகக் கொடுத்துவிடும். வால்வுகளை அரைக்கும் பசையிட்டுக் கைகளுக்கிடையே கடைந்து, வால்வு முகத்தில் மெல்லிய சாம்பல் நிற வளையம் முழுமையாய்த் தோன்றிய பிறகே போதுமென்பார்கள். இந்த வேலைகளுக்கு அச்சிட்ட கையேடு தேவைப்படவில்லை. பதினான்கு வயதில் கராஜுக்கு வந்து, முதல் வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவதுமாய்க் கழித்த சிறுவன், கழுவும்போதே எந்தப் பாகம் எங்கே தேய்ந்திருக்கிறதென்று பார்க்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பார்வையே அவனுக்குப் பாடப் புத்தகமாயிற்று. பின்னாளில், 1959இல் ஜேர்மானிய உதவியுடன் தோன்றிய தொழிற்பயிற்சி நிறுவனம் ஒழுங்கான கல்வியையும் இதனோடு சேர்த்தது.

வெள்ளவத்தையின் நிலைமை வேறு. காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலே அரசாங்க உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் கணக்காளர்களும் குடியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உத்தியோகத்தில் அமர்ந்து, கடன் எடுத்து ஒரு மொரிஸ் மைனரையோ ஒஸ்டினையோ வாங்கிய குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த ஒழுங்கைகளில் வீசுகின்ற உப்புக்காற்று, உடலுக்கு இதமாயிருந்தாலும், தகட்டுக்குப் பகையாயிருந்தது. மழைக்காலத்தின் ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஒரு புதிய கதவின் அடிவிளிம்பும் சில வருஷங்களிலே உதிர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் காரைப் பராமரிப்பதில் அரைப் பண்டிதராகவே ஆகவேண்டியதாயிற்று. சனிக்கிழமை காலையில் தகப்பனார் காரின் கீழே படுத்துக்கொண்டு கிறீஸ் அடிக்க, மகன் கார்புரேட்டரைப் பிரித்துத் துடைக்க, கொட்டாஞ்சேனையிலிருந்து வரவழைக்கப்பட்ட பாஸ் வீட்டு முற்றத்திலே இரண்டு வாரம் தங்கி ஒரு காரை முழுதாய்ப் புதுப்பித்துக் கொடுப்பார். அவருக்கு வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடு. வேலை முடிந்ததும் புதுக் காருக்குச் செய்வதைப் போலவே தேசிக்காய் நசித்துக் கோயிலுக்கு ஓட்டிச் செல்வது. இவ்வுறவிலே இனமும் மொழியும் ஒருவரையொருவர் தடுக்கவில்லை.

ஆனால் இந்நாட்டின் அரசியல் இக்கார்களின் மேலேயும் தன் முத்திரையைப் பதிக்கத் தவறவில்லை. சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களைக் கோத்து ஆக்கிய பழைய இலக்கங்களுக்குப் பதிலாக, 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகன இலக்கத் தகடுகளில் புகுத்தப்பட்டதும், அதனைத் தமிழ்ப் பகுதிகளில் எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்ததும், 1958இல் எழுத்துக்களை அழிப்பதற்காகத் தாரும் தூரிகையும் வீதிக்கு வந்ததும் யாவரும் அறிந்தவை. ஒரு காரின் நெற்றியிலே எழுதப்படும் ஓரெழுத்துக்கூட ஒரு சமூகத்தின் மானத்தைத் தீண்டக்கூடியதாயிற்று என்பதை அந்தக் காலத்துக் கார்க்காரர்கள் தம் கைகளாலேயே அனுபவித்து அறிந்தார்கள்.

1983 ஜூலையில் நேர்ந்த கொடுமை இதனினும் பன்மடங்கு பெரிது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாக்கப்பட்டபோது, காலி வீதியிலே வாகனங்கள் மறிக்கப்பட்டு, அவற்றின் தாங்கிகளிலிருந்து எடுத்த பெற்றோலே தீ மூட்டுவதற்கு உபயோகிக்கப்பட்டது. ஒரு தலைமுறை கண்ணுங் கருத்துமாய்க் காப்பாற்றிய கார்கள் அந்த வாரத்தில் இரும்பு எலும்புகளாயின. பல குடும்பங்கள் நாட்டை விட்டே அகன்றன. மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தை எழுதுபவன் இந்த நாள்களைத் தாண்டிச் செல்ல முடியாது. ஏனெனில் ஒரு காரை மறுபடி கட்டலாம், அதைக் கட்டும் கைகள் கலைந்துபோனால் அவற்றை மறுபடி கூட்டுவது எளிதன்று.

கொழும்பிலே பயின்ற இந்த அறிவின் மிகக் கடுமையான பரீட்சை யாழ்ப்பாணத்திலே நடந்தது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்ட பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, அங்கிருந்த ‘ஏ 40’ ஒஸ்டின்களும் மொரிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடக் கற்றுக்கொண்டன. அக்காலத்துப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றென்னுமளவிலே தாழ்ந்திருந்தமையால்தான், தரங்குறைந்த எரிபொருளையும் அவை பெரிதும் தட்டித் திணறாமல் ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாதாகையால், ஒரு சிறு போத்தலிலே பொன்போல் பாதுகாத்த பெற்றோலைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாய்க் கார்புரேட்டருக்கு விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளிகளும் பிரசவத்துக்குச் செல்லும் பெண்களும் அந்தக் கார்களிலே வைத்தியசாலைக்குச் சென்றார்கள். வேகத்துக்காக எஞ்சினை மாற்றியமைப்பது ஒரு சாதனையென்றால், இது அதனினும் மேலான சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனிக் கொழும்புக்கே திரும்புவோம். 1977இன் இறுதியிலே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், ஜப்பானிலிருந்து ‘ரீகண்டிஷன்’ கார்கள் வெள்ளமாய் வந்தன. பஞ்சிகாவத்தையின் அடுக்குகளிலே ஆங்கிலப் பாகங்களின் இடத்தை நிஸானும் டொயோட்டாவும் பிடித்துக்கொண்டன. ஆயினும் பழைய மரபு அழியாமல் வேறொரு ரூபம் எடுத்தது. மைனரின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே நிஸானின் 1200 சீ.சீ. எஞ்சினையும் கியர்பெட்டியையும் பொருத்தி, முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் இணைத்து, வெளியிலே தாத்தாவாகவும் உள்ளே பேரனாகவும் விளங்கும் வாகனங்களை வீட்டுக் கராஜ்கள் ஆக்கத் தொடங்கின. உண்மையான ஹொட் ரொட் என்று இலங்கையிலே எதையாவது சொல்லலாமென்றால் இதனையே சொல்லவேண்டும். இதற்கு 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்து அனுமதி பெறுவது அவசியமாயிற்று. வரியைத் தப்புவதற்காகப் பாகங்களாகத் தருவித்துப் பொருத்திய வாகனங்களும் இடையிலே புகுந்துவிட்டமையால் அதிகாரிகள் கண்டிப்பாயிருந்ததில் நியாயமுண்டு. ஆயினும் நேர்மையான கைவினைஞனுக்கும் கள்ள வியாபாரிக்கும் உள்ள வேற்றுமையை அறிந்து நடக்கும் ஒரு முறை இன்னும் வகுக்கப்படவில்லை.

இந்நாட்டுத் தகட்டு வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சாட்சி இங்கிலாந்திலிருந்தே வந்தது. பாத் நகரத்திலே மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், நீடித்துழைக்கும் கார் என்னும் தத்துவத்தைத் தம் வாழ்க்கையின் இலட்சியமாய்க் கொண்டவர். இங்கிலாந்திலே உற்பத்தி நின்றுபோன அந்தக் காரின் உடற்தகடுகளை யார் செய்து தரமுடியுமென்று தேடியபோது, அவருடைய பார்வை இலங்கையின் மேல் விழுந்தது. இலங்கைத் தொழிலதிபர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, 1990களின் தொடக்கத்தில் இத்தீவின் தென்பகுதியில் ஏற்படுத்திய பட்டறையிலிருந்து கைவேலைத் தகடுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. எந்த நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து கார்கள் இங்கே வந்தனவோ, அந்நாட்டின் கார்களையே காப்பாற்றும் பொறுப்பு இந்நாட்டுத் தொழிலாளர்களிடம் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் தகடு இல்லாமல் தகடு செய்து பழகியவர்களுக்குக் காலம் செலுத்திய கடன் அது.

வரலாறு தன்னையே மீட்டுவது போல, 2020 மார்ச்சிலே அந்நியச் செலாவணி நெருக்கடியினால் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன்னால் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தபோது, பழைய காரைத் திருத்தத் தெரிந்தவரின் மதிப்பு ஒரே இரவில் உயர்ந்தது. ஆயினும் 1960களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அன்றைய கார் சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் கட்டுப்பட்டது. இன்றைய காரின் மூளை ஒரு பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. உற்பத்தியாளரின் மென்பொருள் அனுமதித்தால் மாத்திரமே அதைத் தொட முடியும் என்றால், வறுமையையும் யுத்தத்தையும் வென்ற சாமர்த்தியம் ஒரு கடவுச்சொல்லின் முன்னால் தோற்றுப்போகும்.

ஆகையால் இக்காலத்தில் நாம் செய்யவேண்டிய காரியங்கள் சில உண்டு. எழுபது வயதைக் கடந்த டிங்கர் பாஸ்களும் லேத் பாஸ்களும் இன்றும் கொட்டாஞ்சேனையிலும் பஞ்சிகாவத்தையிலும் இருக்கிறார்கள். அவர்கள் தகட்டை வளைக்கும் முறையையும், எஞ்சினைக் கேட்டே நோயைச் சொல்லும் முறையையும் ஒளிப்படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்வதற்குத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் முன்வரவேண்டும். டிங்கர் வேலையை ஒரு முறையான கைவினையாக அங்கீகரித்து, அனுபவத்தையே தகுதியாய்க் கொண்டு அவர்களைப் போதனாசிரியர்களாக நியமிக்கவேண்டும். வாங்கியவனுக்குத் தன் வாகனத்தைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உள்ள உரிமையைச் சட்டத்திலே எழுதவேண்டும். நேர்மையாய்க் கட்டப்பட்ட வீட்டு வாகனத்தைப் பாதுகாப்புப் பரிசோதனை செய்து பதிவு செய்யும் நெறி ஒன்றையும் வகுக்கவேண்டும். கார் செய்யாத நாடென்று நம்மை நாமே குறைவாய் எண்ணிக்கொள்ளத் தேவையில்லை. பிறர் செய்து முடித்ததை ஐம்பது வருஷம் உயிரோடு வைத்திருப்பதற்கு, அதைச் செய்வதற்கு வேண்டிய அறிவு முழுவதும் வேண்டும். அந்த அறிவு நம்மவரிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும் கடமை நம்முடையது.